மாங்குளத்தில் ஒரு பச்சைக் கேக்

மாவை மூன்று தரம் அரித்தேன்.
மட்சாவை நாலு தரம்.
கட்டிபட்டால் கடிக்கிற இடமெல்லாம் கைக்கும் என்று
சுவிஸிலிருந்து மயூரதி குரல்பதிவு போட்டிருந்தாள்.
தேயிலை விளைகிற நாட்டுக்குத்
தேயிலைத் தூள் அனுப்பிய புண்ணியவதி.
முப்பது கிராம். தீப்பெட்டி உயரத்தில் ஒரு ரின்.
சுங்கத்தில் யாரோ திறந்து மணந்து பார்த்துவிட்டு
மூடியைச் சரியாக மூடவில்லை;
பொதியில் வந்த சொக்லேட் முழுக்கப்
பாசி பிடித்துக் கிடந்தது.

கேக் தட்டு என்று ஒன்றும் இல்லை.
மூன்று மீன் ரின்கள் இருந்தன.
தேசிக்காய்த் தோலால் தேய்த்து, அவித்து,
வெயிலில் கவிழ்த்து, மணந்து பார்த்து,
மறுபடி தேய்த்து...
பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் நம்பவில்லை.
வாசலிலேயே இருந்தது.

முட்டை அடிக்க அடிக்க
கலவை பச்சையாகியது.
வாழைக்குருத்துப் பச்சை இல்லை.
மாரிக்குப் பிறகு குளக்கட்டில் வருமே, அதுவும் இல்லை.
சோதனைச் சாவடியில் நின்ற பச்சை
இல்லை, இல்லவே இல்லை.
எங்கள் ஊரில் இன்னும் பெயர் வைக்காத ஒன்று.

காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில்
வவுனியாவுக்குப் போனாள் தயாளினி.
ஒரு கோப்பு, தண்ணீர்ப் போத்தல், மடித்த குடை.
ஐந்து வருடத்தில் பதினேழாவது தவணை.
பதினொரு மணிக்கு ஒரு சொல் வந்தது:
‘முடிஞ்சுது.’
அழுகிற முகமும் இல்லை, சிரிக்கிற முகமும் இல்லை.
கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி.
அவள் முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் இல்லை.

இதற்கு என்ன சமைக்கிறது?
கலியாணத்துக்கு ஒரு பட்டியல் உண்டு,
சாமத்திய வீட்டுக்கு உண்டு,
எட்டுச்செலவுக்குக்கூட உண்டு.
தீர்ப்பு வந்த பின்னேரத்துக்கு
எங்கள் சனம் எதையும் பொங்கி வைக்கவில்லை.
பேக்கரியில் கேட்டுப் பார்த்தேன்.
‘என்ன பேர் எழுதுறது அக்கா?’ என்றான் பெடியன்.
திரும்பி வந்து அடுப்பை மூட்டினேன்.
மூட்டினேன் என்பது வாய்ப்பழக்கம்;
இது கரண்ட் அவண்.
இதற்கும் தவணைதான், இன்னும் மூன்று.

பதினாலாவது நிமிடம் கரண்ட் போனது.
திறக்காதே, திறக்காதே என்று
என் கையை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.
கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.
ஏ-ஒன்பதில் லொறி போகிறபோதெல்லாம்
தட்டுகள் கிலுகிலுத்தன.
ஒரு பெட்டிக்குள் மிச்சமிருக்கிற சூடு
எவ்வளவு நேரம் காணும்?
மயூரதியின் குரல்பதிவில் அது இல்லை.

மூன்றும் வெந்துதான் இருந்தன.
மூன்றும் நடுவில் அமிழ்ந்திருந்தன,
ஆள் எழும்பிப் போன தலையணை மாதிரி.

மாஜரின், ஐசிங் சீனி,
வனிலா ஒரு மூடி; பிறகு யோசித்து இன்னொரு மூடி.
கரண்டை நம்பாமல் கையாலேயே அடித்தேன்.
பள்ளத்தை நிரப்பி ஒன்று,
அதன்மேல் ஒன்று, அதையும் நிரப்பி மற்றது.
மாங்குளத்து வெக்கைக்கு
முழுக் கோபுரமும் இடப்பக்கம் சரியப் பார்த்தது;
ஈர்க்கு ஒன்றை உச்சியிலிருந்து இறக்கி நிறுத்தினேன்.
மேலே எதுவும் எழுதவில்லை.
தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தால்
கோப்பைதான் பெரிது.

ஐந்தரைக்கு வந்தாள்.
செருப்பைக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள்.
‘என்னடி இது, சவர்க்காரமோ?’
‘மட்சா.’
‘எந்த மச்சான்?’

வெட்டிக் கொடுத்தேன்.
வாயில் வைத்தவள் கன நேரம் பேசவில்லை.
‘கைக்குது’ என்றாள்.
‘ம்.’
‘பிறகு கைக்கேல்லை.’
கோப்பைக் கதிரையில் போட்டுவிட்டு
இரண்டாவது துண்டைத் தானே வெட்டினாள்.
நடுவில் வெள்ளை ஆழமாய் இறங்கிய இடத்தைக்
கரண்டியால் தோண்டினாள்.
‘இந்த இடத்தில மட்டும் ஏன் இவ்வளவு கிறீம்?’

கரண்ட் போனதை நான் சொல்லவில்லை.
‘ஈர்க்கு ஒண்டு இருக்கு,
பாத்துக் கடி’ என்றேன்.